பதினோரு சிரிப்பு

ஆலக்கடவு ஃபிலிம் சொசைட்டி
வாசகசாலை மாடி, ஆலக்கடவு
4 ஏப்ரல் 1976

மதிப்பிற்குரிய ஏலிக்குட்டி சிஸ்டருக்கு,

தங்கள் ராஜினாமா கிடைத்தது. 'இனி வர உத்தேசமில்லை' என்று ஒரே வரி, அதுவும் மாத்திரை மடிக்கிற சீட்டில். ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். வயநாட்டில் மேலேச்சுரத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டீர்கள் என்றார்கள். மாற்றல்தான் காரணம் என்றால் எனக்கு வருத்தம் மட்டுமே. மார்ச் 21 ஞாயிறு காலை நடந்ததுதான் காரணம் என்றால், செயலாளர் என்ற முறையில் சிலவற்றைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது.

அன்று காட்டியது பல்கேரியப் படம். வசனத்துக்கு அடியில் இங்கிலீஷ் எழுத்துகூடக் கிடையாது. ஆகவே வழக்கம்போல் படத்துக்கு முன்னால் கதைக்குறிப்பை நான் உரக்க வாசித்தேன். நம் உறுப்பினர்களில் பாதிப்பேர் பீடிக் கம்பெனிக்காரர்கள். ஒருவர் பேப்பர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றிப் பழகியவர்கள். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், மறக்கமாட்டார்கள். போரில் கணவனை இழந்த ஒரு பெண், அவன் திரும்பி வருவான் என்று காத்திருக்கிறாள் என்பது கதை. இதைக் கேட்ட பிறகும் நீங்கள் சிரித்தீர்கள். ஒரு தடவை என்றால் இருமல் என்று விட்டிருப்பேன். பொருளாளர் ஒணக்கன் எண்ணியிருக்கிறார், பதினோரு தடவை. கடைசித் தடவை பெஞ்சைத் தட்டிச் சிரித்தீர்கள்.

விவாதத்தின்போது நான், "சிரிச்சுட்டுப் போறதுக்கு இது டாக்கீஸ் இல்ல சிஸ்டர்" என்று சொன்னது உண்மை. மறுநாள் நிர்வாகக்குழு நிறைவேற்றிய தீர்மானத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். 'துயரக் காட்சிகளின்போது உறுப்பினர்கள் சிரிப்பதைத் தவிர்க்க வேண்டும்.' அதில் உங்கள் பெயர் இல்லை. அறுபத்துமூன்றாம் எண் உறுப்பினர் என்றுதான் இருக்கிறது.

உங்களோடு வந்துகொண்டிருந்த ஆறு பெண்களும் இப்போது வருவதில்லை. மலபாரில் வேறெந்த ஊர் சொசைட்டியிலும் நான் பார்த்திராத பெண்கள் வரிசை நம்மிடம் இருந்தது. ராஜினாமாவை மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வத்சராஜன், செயலாளர்

*

மேலேச்சுரம்
15 ஏப்ரல் 1976

மாஷே,

பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் ஊரே உங்களை மாஷ் என்கிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெஞ்சுமேல் ஏறி நிற்க வேண்டுமோ என்று நினைத்தேன். நல்லவேளை, இங்கே ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரே ஒரு பெஞ்சு, அதிலும் மூன்று கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் படம் எனக்கு எப்படிப் பட்டது என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். படத்தில் அந்தப் பெண் உடுத்தியிருந்த வெள்ளை, விதவை உடுப்பு இல்லை மாஷே. எங்கள் சர்ச்சில் கல்யாணப் பெண் வெள்ளைதான் உடுத்துவாள், தலையில் வலை போட்டிருப்பாள், கையில் பூச்செண்டு இருக்கும். நம் பாலன் வக்கீல் அந்தப் பூச்செண்டைப் பார்த்து, கல்லறைக்குக் கொண்டுபோகிற பூ என்று விளக்கினார். கருப்புக் கோட்டுக்காரன் மரணத்தின் உருவம் என்று நீங்கள் சொன்னீர்கள். மரணம் எதற்கு மாஷே கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பசுவுக்குப் பின்னால் முழங்கை வரைக்கும் கையை விடுகிறது? அவன் மாட்டு டாக்டர். அவனுக்கு அன்றைக்குக் கல்யாணம். கன்று கால் மடங்கிச் சிக்கிக்கொண்டிருக்கிறது. அவன் சர்ச்சுக்குக் கிளம்பும்போதெல்லாம் பசு கத்துகிறது. நான் பதினாலு வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள், இது எனக்குத் தெரியாதா? கடைசியில் பெண்ணே வண்டியிலிருந்து இறங்கி, தலைவலையைக் கழற்றிக் கன்றின் காலில் கட்டி இழுத்தாளே, அங்கேதான் பெஞ்சைத் தட்டினேன். இன்னொரு தடவை பார்த்தாலும் தட்டுவேன்.

இது டாக்கீஸ் இல்லை என்று நீங்கள் சொன்னதும் அத்தனை ஆண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். காதெல்லாம் சூடாகிவிட்டது. குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சிரித்ததற்காக அழுதது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

மாற்றல் நான் கேட்டு வாங்கியதில்லை, தானாக வந்தது. ஆனால் வந்தபோது சந்தோஷமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீர்மானத்தை அடித்து, அடித்த விஷயத்தை அதே ஆட்கள் முன்னால் வாசித்தால் நான் ராஜினாமாவைத் திரும்ப வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதற்குக் குறைந்து பேச்சில்லை.

ஏலிக்குட்டி

*

ஆலக்கடவு
2 மே 1976

மதிப்பிற்குரிய சிஸ்டருக்கு,

உங்கள் கருத்தை நிர்வாகக்குழுவில் வைத்தேன். பாலன் வக்கீல் பெருந்தன்மையோடு ஒரு சமாதானம் சொன்னார். கல்யாணம் என்றே வைத்துக்கொண்டாலும், அது அந்த விதவையின் நினைவில் நடக்கும் கல்யாணம். பசு எனப்படுவது ஐரோப்பா. கன்று, பிறக்க முடியாமல் தவிக்கும் புது உலகம். இதை நான் விரிவாக எழுதி, 'வெள்ளையும் மௌனமும்' என்ற தலைப்பில் வாரப்பத்திரிகை ஒன்றில் வந்திருக்கிறது. பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். கட்டுரையைப் பாராட்டி இரண்டு வாசகர் கடிதங்களும் வந்தன. இரண்டாவதை எழுதியவர் என் மைத்துனர் என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

சிஸ்டர், ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே இரண்டு டாக்கீஸ் இருக்கின்றன. இரண்டிலும் தினம் நாலு ஆட்டம், பாட்டு, குத்து, மரத்தைச் சுற்றி ஓட்டம். அதிலிருந்து நம் ஆட்களை மீட்டு, வாசகசாலை ஜன்னலுக்குக் கருப்புத் துணி கட்டி, வெள்ளை வேட்டியைத் திரையாக்கி, மூன்று வருஷமாக நல்ல சினிமா காட்டுகிறேன். மலையாளத்திலும் நல்ல படம் வரவேண்டும் என்றால் முதலில் நல்ல பார்வையாளர் வரவேண்டும் இல்லையா? சிரிப்பு எளிது, அது எங்கும் கிடைக்கும். மௌனத்தைத்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 27-ல் ஆண்டுப் பொதுக்கூட்டம். செயலாளர் பதவிக்கு நான் மறுபடி நிற்கிறேன். இந்தத் தடவை பாலன் வக்கீலுக்கும் ஆசை வந்திருக்கிறது என்று கேள்வி. இந்நிலையில் தீர்மானத்தை அடிப்பது என்பது நடக்கிற காரியமில்லை.

மாடியில் பெண்கள் பெஞ்சு காலியாகக் கிடக்கிறது. ஒணக்கன் அதன்மேல் குடைகளை வைக்கிறார். பார்க்க நன்றாக இல்லை.

வத்சராஜன்

*

மேலேச்சுரம்
13 மே 1976

மாஷே,

கட்டுரையை வார்டில் உரக்க வாசித்தேன். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிற பெண்கள் ஐந்து பேர் படுத்திருந்தார்கள். 'ஐரோப்பா பிரசவ வேதனையில் துடிக்கிறது' என்ற இடம் வந்ததும் பாத்தும்மா எழுந்து உட்கார்ந்து, "ஐரோப்பாவுக்கு இது தலைச்சனா சிஸ்டரே?" என்று கேட்டாள். சிரித்ததில் ஒருத்திக்கு வலியே எடுத்துவிட்டது. பெண் குழந்தை, ஆறு ராத்தல். உங்கள் கட்டுரையால் பிறந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெஞ்சு குடை வைக்கவாவது உபயோகப்படுகிறதே, மழைக்காலம் வேறு வருகிறது. என் நிபந்தனை அதேதான்.

ஏலிக்குட்டி

*

ஆலக்கடவு
9 ஜூன் 1976

அன்புள்ள சிஸ்டருக்கு,

சொசைட்டித் தாளில் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். இது செயலாளர் எழுதும் கடிதம் இல்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நம்மைப் போலவே சொசைட்டி இருக்கிற பக்கத்து ஊர் நடுக்கண்டி. அங்கே ரயில் நிற்காது. அதனால் மதராஸிலிருந்து அவர்கள் பெட்டியும் நம் பெட்டியோடு சேர்ந்தே வரும். நான்தான் பிரித்து, அவர்களுடையதை பஸ்ஸில் ஏற்றி அனுப்புவேன். மார்ச்சிலும் இரண்டு பல்கேரியப் படங்கள் அப்படித்தான் வந்தன. இரண்டு கதைக்குறிப்பும் ஊர்ப்பெயர் போட்டு ஒரே உறையில் இருந்தன; நம்முடையதை மட்டும் படித்துவிட்டு, அவர்களுடையதைப் படிக்காமலே பஸ்ஸில் அனுப்பிவிட்டேன். பெட்டிமேல் இருந்த படத்தின் பெயரோ பல்கேரிய எழுத்தில். எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பெட்டியில் ஐந்து சுருள், இன்னொன்றில் நாலு. துக்கப் படம் என்றால் நீளமாகத்தான் இருக்கும் என்று ஐந்து சுருளை நமக்கு வைத்துக்கொண்டேன்.

நேற்று நடுக்கண்டிச் செயலாளரின் கடிதம் வந்தது. மார்ச் மாதக் காட்சி பிரமாதமாக நடந்ததாம். 'கல்யாண நாளில் பசுவிடம் மாட்டிக்கொண்ட டாக்டரைப் பற்றிய நகைச்சுவைப் படத்தை எங்கள் உறுப்பினர்கள் வெகுவாக ரசித்தனர். மணப்பெண் ஸ்டேஷனில் நிற்க நிற்க மாப்பிள்ளை வராமல் ரயில்கள் போகும் காட்சியில் அரங்கமே அதிர்ந்தது. ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவர் மட்டும் தேம்பித் தேம்பி அழுது கலாட்டா செய்தார். அவரைக் கண்டித்துள்ளோம்' என்று எழுதியிருக்கிறார். கடிதத்தை மூன்று தடவை படித்தேன் சிஸ்டர்.

நம் படத்தில் பசு இருந்தது, டாக்டர் இருந்தார், கல்யாணமும் இருந்தது. நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் இருந்தது. நான் ஐரோப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மனசாரக் கேட்கிறேன். ஆனால் ஒரு உதவி செய்ய வேண்டும். பொதுக்கூட்டம் முடிகிறவரை இதை யாரிடமும் சொல்லக் கூடாது. நடுக்கண்டிக்காரருக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. பாலன் வக்கீல் காதில் விழுந்தால் என் கதை முடிந்தது. மூன்று வருஷம் நாய்படாத பாடுபட்டு வளர்த்த சொசைட்டி இது. தேர்தல் முடிந்த பிறகு அந்தத் தீர்மானத்தைச் சத்தமில்லாமல் நோட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

உங்கள்,
வத்சராஜன்

*

மேலேச்சுரம்
17 ஜூன் 1976

மாஷே,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் மழையில் நின்று சிரித்தேன். நடுக்கண்டி விஷயத்துக்குத்தான். அப்புறம் அந்தப் போஸ்ட்மாஸ்டரை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. பாவம் மனுஷன். அவருக்கு யார் இருக்கிறார்களோ, யாருக்காக எந்த ஸ்டேஷனில் நின்றிருந்தாரோ.

நான் யாரிடமும் சொல்லமாட்டேன். பதினாலு வருஷத்தில் எத்தனை வீட்டு ரகசியம் என்னிடம் வந்து தங்கியிருக்கிறது தெரியுமா? உங்களுடையது அதில் சின்னது. ஆனால் சத்தமில்லாமல் எடுப்பதாக எழுதினீர்களே, அது வேண்டாம். என்னைச் சத்தமாகத்தானே சொன்னீர்கள்? காதும் காதும் வைத்தாற்போல் கேட்கிற மன்னிப்பு எனக்கு எதற்கு? நான் திரும்பி அந்த மாடிப்படி ஏறினால் அறுபத்துமூன்றாம் எண் சிரிப்புக்காரி வருகிறாள் என்றுதான் பார்ப்பார்கள்.

தேர்தலில் தோற்றால் என்ன ஆகிவிடும்? இங்கே தினமும் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, செத்துவிடுவேன் சிஸ்டரே என்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து டீ கேட்கிறார்கள். நீங்களும் கேட்பீர்கள்.

இன்னொரு விஷயம். இங்கே சர்ச் ஹாலில் ஒரு சொசைட்டி ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன். பாதிரியார் அச்சன் சரி என்றுவிட்டார், சாவியும் தந்துவிட்டார். முதல் படமாக அந்தப் பசுப் படம்தான் வேண்டும். மதராஸுக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஏலிக்குட்டி

*

ஆலக்கடவு
29 ஜூன் 1976

அன்புள்ள சிஸ்டருக்கு,

சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

கூட்டத்துக்கு எழுபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். ஆண்டறிக்கையை வாசித்து முடித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் கடைசி நிமிஷம் வரை நினைத்தேன். அந்தப் பெஞ்சுமேல் குடைகள் வரிசையாக நீர் சொட்டிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தேன். நடுக்கண்டியிலிருந்து வரவழைத்திருந்த சரியான கதைக்குறிப்பைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அன்று எப்படி வாசித்தேனோ அதே குரலில் வாசித்தேன். பிறகு நடுக்கண்டிக் கடிதத்தையும் வாசித்தேன். சுருளை எண்ணிப் படம் பிரித்ததையும் மறைக்கவில்லை. சிஸ்டர் சிரித்ததுதான் சரி, நாங்கள் சிரிக்காததுதான் தப்பு என்று முடித்தேன்.

பிறகு பாலன் வக்கீல் எழுந்து, "குறிப்பு மாறியிருக்கலாம், நம்ம பார்வை மாறல" என்றார். பாதிப்பேர் கைதட்டினார்கள். படத்தை எடுத்தவனே நகைச்சுவை என்று நினைத்து எடுத்திருந்தாலும், அவனை அறியாமல் துயரப் படம் எடுத்துவிட்டான் என்றார். அதற்கும் கைதட்டு. ஒரு மணி நேரம் பேசினார். எனக்கே ஒரு கட்டத்தில் அவர் சொல்வது சரியோ என்று தோன்றிவிட்டது. நான் பழக்கிவிட்ட பார்வைதானே, என்னிடமே திரும்பி வருகிறது.

அப்போது பீடிக் கம்பெனிக் கோரன் பின்வரிசையில் எழுந்தார். மூன்று வருஷத்தில் விவாதத்தில் ஒருநாளும் வாய் திறக்காதவர். "அப்போ மாஷே, நான் சிரிப்பை அடக்கின எடத்துல எல்லாம் சிரிச்சிருக்கலாமா?" என்று கேட்டார்.

சிரிக்கலாம் கோரேட்டா என்றேன்.

"துண்டை வாய்ல திணிச்சுட்டு உக்காந்திருந்தேன். விதவையப் பாத்து சிரிப்பு வருதே, நாம மனுஷன்தானான்னு ரெண்டு நாள் எனக்குத் தூக்கமில்ல."

அவ்வளவுதான். பக்கத்திலிருந்தவர் தானும் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். நான் எண்ணினேன், பத்தொன்பது பேர். பதினோராவது ஆள் யார் தெரியுமா? ஒணக்கன். சிரிப்பு வராமல் இருக்கத்தான் உங்கள் சிரிப்பை எண்ணிக்கொண்டிருந்தாராம்.

வாக்கெடுப்பு நடந்தது. தீர்மானத்தை அடிக்க ஆதரவு முப்பத்தெட்டு, எதிர்ப்பு முப்பத்துமூன்று. நான் வாக்களிக்கவில்லை, அடிக்கிற பேனாவை மட்டும் பிடித்தேன். பிறகு செயலாளர் தேர்தல். நான்கு ஓட்டில் பாலன் வக்கீலிடம் தோற்றேன். கோரேட்டனே அவருக்குத்தான் போட்டார். கேட்டதற்கு, "மாஷ் நல்ல மனுஷன், ஆனா பெட்டி பிரிக்கத் தெரியலையே" என்றார். நியாயம்தான். புதுச் செயலாளரின் முதல் உத்தரவு, இரண்டு குறிப்புகளையும் ஆராய ஐந்துபேர் குழு.

வெளியே வந்து டீ கேட்டேன். நீங்கள் சொன்னதுபோலவே.

மதராஸுக்கு எழுதிவிட்டேன். ஆகஸ்டில் பசுப் படம் கிடைக்கும். பெட்டியை நானே சுமந்து வருகிறேன். கதைக்குறிப்பு எடுத்துவரட்டுமா?

வத்சராஜன்
(இப்போது வெறும் உறுப்பினர், எண் 2)

*

மேலேச்சுரம்
24 ஆகஸ்ட் 1976

மாஷே,

பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது? சுரத்து மலைப்பாதையில் மண் சரிந்ததாகச் சொன்னார்கள். பத்திரம்தானே? நனைந்த வேட்டியை இங்கேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். துவைத்து வைத்திருக்கிறேன். திரையாகக் கட்ட நல்ல அளவாக இருக்கிறது, திருப்பித் தரும் எண்ணமில்லை.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இருநூறு பேர் வருவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஓட்டுக்கூரைமேல் அந்த மழை பெய்ததில் அந்தப் பாஷை காதில் விழவே இல்லை, விழுந்தாலும் என்ன செய்திருப்போம்? குறிப்பு வாசிக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது உங்கள் முகம் போன போக்கை மறக்க முடியாது. கையில் காகிதம் இல்லாமல் மேடையில் நின்றுவிட்டு, "படம் பல்கேரியா. மத்தது உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்களே, மூன்று வருஷத்தில் நீங்கள் பேசியதில் எனக்குப் பிடித்தது அதுதான்.

பசு முதல் தடவை கத்தியபோதே ஹால் மொத்தமும் சிரித்துவிட்டது. ஆனால் நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நான் உங்களுக்கு இரண்டு வரிசை பின்னால் இருந்தேன். பழைய கணக்கு ஒன்று பாக்கி இருந்ததால் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்றுவரை சரியாக எண்ணினேன், அதற்குமேல் நானும் சிரித்ததில் விட்டுப்போயிற்று. கடைசியில் பெண் தலைவலையைக் கழற்றியபோது பெஞ்சைத் தட்டினது யார் மாஷே? பாத்தும்மா என் காதில், "சிஸ்டரே, அந்த வாத்தியாரைக் கொஞ்சம் மெல்லச் சிரிக்கச் சொல்லுங்க, மாடு கத்துறது கேக்கல" என்றாள். நான் சொல்லவில்லை. இங்கே அப்படியொரு தீர்மானம் கிடையாது.

என் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். பாலன் வக்கீலுக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். ஆலக்கடவுக்கு வரும்போதெல்லாம் வருவேன், பெஞ்சிலிருந்து குடைகளை எடுக்கச் சொல்லுங்கள். என்னோடு வந்த ஆறு பேருக்கும் நீங்களே வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். அது உங்களுக்குத் தண்டனை.

அடுத்து எங்களுக்கு அந்த இன்னொரு படம் வேண்டும், ஸ்டேஷனில் காத்திருக்கிற பெண்ணின் படம். நாலு சுருள்தான், சுமப்பதற்கு லேசு. வரும்போது நடுக்கண்டியில் இறங்கி அந்தப் போஸ்ட்மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன். அவர் எவ்வளவு வேண்டுமானாலும் அழட்டும், இங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஏலிக்குட்டி